அமீனா பிடித்த திருகு

ஹனிபாவிடம் அமீனாவுடையது என்று ஒரு நூல்கூடக் கிடையாது. ரங்கூனில் குண்டு விழுந்த காலத்தில், ஒற்றைக் காலோடு அவரை ஒரு காரைக்குடிச் செட்டியாரின் மாட்டுவண்டியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். கூடவே நடந்து வந்த பெண்டாட்டி அமீனா வழியில் காய்ச்சல் கண்டு போய்விட்டாள். காட்டிலேயே அடக்கம். இப்போது அவள் முகம்கூட மங்கிக்கொண்டு வருகிறது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

காரைக்குடியில் பொன்னழகுவின் பழஞ்சாமான் கடையில் வேலை. பித்தளை எது வந்தாலும் புளித்தொட்டியில் போடு, ஊறட்டும், விடிந்ததும் தேய். பளபளக்காத பழசை எவன் வாங்குவான் என்பது பொன்னழகுவின் ஞானம்.

முப்பது வருஷம் கழித்து, எழுபத்தொன்றில் அந்தச் செட்டியார் வீட்டைப் பிரித்தபோது சாமான்கள் கடைக்கு வந்தன. அதில் ஒரு மரப்பெட்டி. மேலே கிடந்த களிம்பேறிய பித்தளையை வழக்கம்போலப் பார்க்காமலே அள்ளித் தொட்டியில் போட்டார். மறுநாள் காலையில்தான் பெட்டியைத் துடைக்க இழுத்தார். அடியில் ஒரு ரம்பம். கருங்காலிப் பிடியில் ஒரு மூலை உடைந்திருந்தது.

அந்த ரம்பத்தை மறக்க முடியுமா? ஆஸ்பத்திரி எரிந்துபோனதால், டாக்டர் தன் பாட்டன் காலத்துப் பெட்டியைக் கொண்டுவந்துதான் நசுங்கின காலை அறுத்தார். அந்தப் பெட்டியும் செட்டியார் வண்டியிலேயே ஏறி வந்திருக்கிறது போலும். ரத்தம் பாயாமல் தொடையை இறுக்குகிற திருகில் வார் இற்றுப்போயிருந்தது. அமீனா தன் சேலையின் நீலக் கரையைக் கிழித்துக் கோத்தாள். அறுத்து முடிகிறவரை திருகைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குதா? இந்தா முடிஞ்சிருச்சு, இந்தா முடிஞ்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். திருகோடு துணியும் வந்தது. நீலமும் இல்லை, ரத்தக் கறையும் இல்லை. மூக்கில் வைத்துப் பார்த்தார். புளிவாடைதான் அடித்தது. இத்தனை வருஷம் கழித்துக் கைக்கு வந்ததைத் தன் கையாலேயே ஊறப்போட்டாரே, பாவி மனுஷன்!

"என்ன பாய், அப்படியே உக்காந்திருக்கீக?" பொன்னழகு எட்டிப் பார்த்தான். "அந்தக் கந்தலை அங்குட்டுத் தூக்கிப் போடுங்க. புது வார் மாட்டிருவோம். வாங்க மதுரை ஆளு வாராரு."

"துணிய நான் எடுத்துக்கிறட்டுமா முதலாளி?"

"கந்தல்தானே, எடுத்துக்கங்க."

கேட்டதும் கிடைத்துவிட்டது. மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, மிச்சமிருந்த தொடையில் அதைச் சுற்றி முடிச்சுப் போட்டார். பாதி முடிச்சிலேயே துணி இழை இழையாகப் பிரிந்தது. சாப்பிடப் போன பொன்னழகு அந்நேரம் பார்த்துத் திரும்பி வந்தான்.

"என்ன பாய், கால் வலிக்குதா?"

அப்படி ஒரு ஆள் கேட்டு எத்தனை காலம் ஆகிவிட்டது! ஹனிபா பிரிந்த இழைகளைக் கையில் திரட்டிக்கொண்டார்.

"இல்ல முதலாளி. இந்தா, முடிஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டு, திருகை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.