தரை இறங்கிய பக்கம்

எம்பிலிப்பிட்டியவில் அக்காவின் பிரசவத்துக்கு நான்கு நாள் நின்றுவிட்டு எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்குத் திரும்பியபோது, என் குசினித் தரை மினுங்கிக்கொண்டிருந்தது. சீமெந்தில் சிவப்புச் சாயம் கலந்து, மேசன் கரண்டியால் இழுத்து இழுத்து மெருகேற்றியிருந்தார் என் புருசன் இந்திரகுமார். கொழும்பில் மாடி வீடுகளுக்குத் தரை போடுகிற மேசன் பாஸ். தீபாவளி லீவில் வந்தவர், செய்த வேலையைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நின்றார்.

நான் பையைக்கூட இறக்காமல் வெடிப்பைத் தேடினேன். அடுப்படியிலிருந்து பின்சுவர் வரை அந்தத் தரையில் ஆறு மாதமாக வெடிப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் அதன் குறுக்கே பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வந்தேன். முதலில் மயிரிழைதான். பிறகு தீக்குச்சி நுழைந்தது, போன மாதம் என் சுண்டுவிரல் நுழைந்தது. பின்சுவர்ப் பக்கத் தரை அரை அங்குலம் இறங்கியும் விட்டது. மண் சரியக்கூடிய மலைச்சரிவு வீடுகளுக்கு வேறு இடத்தில் காணி கொடுக்கப் பட்டியல் எடுக்கிறார்கள். அதற்கு வெடிப்பை அளக்க மறுநாள் கேகாலையிலிருந்து அதிகாரி வருவதாக இருந்தது.

"யாரக் கேட்டுப் பூசுனீங்க?"

"தீவாளிக்கு வீட்டப் பூசாம இருக்கவா சொல்ற? மேசன் வீட்டுலயே தரை வெடிச்சுக் கெடக்குனு லயமே சிரிக்குது சுகந்தினி."

"சீமெந்து காயிறப்ப தண்ணி ஊத்தாட்டி மேலால வெடிக்கும், அதப் பூசலாம். ஒரு பக்கம் எறங்குச்சுனா அடியில மண்ணு நகருது, கை வைக்கக்கூடாது. இத எனக்குச் சொல்லித் தந்தது யாருங்க?"

தெரியாமல் செய்தவனை மன்னிக்கலாம். இவர் ஊர் வாய்க்குப் பயந்து, தெரிந்தே எங்கள் இரண்டு பிள்ளைகளோடு நான்கு உயிரையும் பூசி மறைத்திருக்கிறார். கொழும்பில் இருக்கிறவருக்கு இங்கே பெய்கிற மழை எங்கே கேட்கப்போகிறது!

மறுநாள் அதிகாரி டேப்பும் கையுமாகக் குசினிக்குள் குனிந்தார்.

"கோ நங்கி, பெலும?"

வெடிப்பு எங்கே என்று கேட்கிறார். சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன், தேதிகளையும் சொன்னேன். கண்ணால் பார்க்காததை எழுத முடியாது, அடுத்த முறை பார்க்கலாம் என்றார். அடுத்த முறை எப்போது என்றால் அவருக்கே தெரியவில்லை.

இந்திரகுமார் அவரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு, உளியும் சுத்தியலும் எடுத்து வந்து தன் தரையில் தானே மண்டியிட்டார். உடைத்துக் காட்டினால் செல்லாது என்று அதிகாரி சொல்லச் சொல்ல அடித்தார். நான் தடுக்கவில்லை, நன்றாக அடிக்கட்டும் என்றுதான் நின்றேன். சிவப்புப் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்தது. அதற்குக் கீழே பழைய தரையும் உடைந்து விழுந்த இடத்தில் அவர் கையை விட்டார். முழங்கை வரை இறங்கியது. அடியில் மண்ணே இல்லை.

அதிகாரி பேச்சை நிறுத்திவிட்டுத் தரையோடு காதை வைத்தார். மூன்று நாளாக மழை இல்லை. எங்கள் அடுப்புக்குக் கீழே தண்ணீர் ஓடுகிற சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது.