ஆமென் சொல்லாத மூன்று நாட்கள்

எங்கள் வீட்டில் சண்டை வந்தால் பேச்சு நின்றுவிடும். ஜெபம் மட்டும் நிற்காது.

எங்கள் சொந்த ஊர் நாசரேத்தில் கல்யாணமாகி டெல்லிக்கு வந்த நாளிலிருந்து சாயந்திரம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம் உண்டு. முதலில் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில், இப்போது துவாரகா ஃபிளாட்டின் நாலாவது மாடியில். சாதாரண நாளில் ஒருவர் ஜெபம் பண்ணுவார், மற்றவர் முடிவில் ஆமென் சொல்வார். சண்டை நாளில் இரண்டு பேரும் தனித்தனியாக, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சத்தமாக ஆண்டவரிடம் புகார் சொல்வோம்.

"கட்டில்மேல் ஈரத்துண்டைப் போடுகிறவர்களுக்கு நல்ல புத்தி தாரும், ஆண்டவரே" என்பேன் நான்.

"குழம்பில் உப்பைக் குறைக்கிற மனதைத் தாரும், கர்த்தாவே" என்பார் அவர்.

மறுநாள் துண்டு கொடியில் கிடக்கும். குழம்பில் உப்பு குறைந்திருக்கும். ஆனால் ஒருவர் ஜெபத்துக்கு மற்றவர் ஆமென் மட்டும் சொல்லமாட்டார். அவரவர் ஆமெனை அவரவரே சொல்லிக்கொண்டு எழுந்து போய்விடுவோம். எங்கள் மகள் ஹெலன் சின்னவளாக இருந்தபோது, "காட் ரொம்பப் பாவம்ப்பா" என்று சொல்லியிருக்கிறாள். இப்போது அவள் புனேயில் இருக்கிறாள். தப்பித்தாள்.

இந்த ஜனவரியில் வந்த சண்டைக்குக் காரணம் என் குறட்டை. எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சொல்லலாம். யாரோ விசா கிடைத்ததைச் சொன்னார்கள். யாரோ மகனுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னார்கள். உடனே என் வீட்டுக்காரர் ஜெபதுரை, மத்திய அரசில் முப்பத்தாறு வருஷம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர், கோட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"பதினோரு வருஷமா என் மனைவியோட குறட்டையால நான் தூங்கல. போன மாசத்துலருந்து கர்த்தர் அதை நிறுத்திட்டார். ஸ்தோத்திரம்."

சபையே சிரித்தது. போதகர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் இருபத்தொன்பது வருஷம் நர்ஸாக இருந்தவள். வார்டில் நான் நடந்து வந்தால் பெரிய டாக்டர்கள்கூடக் குரலைத் தாழ்த்துவார்கள். அந்த இன்பராணி சிஸ்டரைப் பார்த்து, டீ குடிக்கும் இடத்தில் சின்னப் பெண்கள் எல்லாம், "ஆன்ட்டி, இப்ப பரவாயில்லையா?" என்று கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்: "குறட்டை நிக்கல. உங்க காது மந்தமாயிட்டு. அதான் கேக்கல."

அவர் முகம் சுருங்கிப்போனது. காதைப் பற்றி அவருக்கே ஒரு பயம் இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அன்று முதல் பேச்சு இல்லை.

ஞாயிறு, திங்கள், செவ்வாய். மூன்று சாயந்திரமும் ஆமென் இல்லை. வெளியே ஒன்பது நாளாகச் சூரியனையே காணோம், மூடுபனி. திங்கட்கிழமை ஜெபத்தில் நான் சொன்னேன்: "ஆண்டவரே, இந்த வீட்டில் குளிர் நுழைகிற வழிகளையெல்லாம் அடைத்துத் தாரும். முட்டி வலி தாங்கமுடியவில்லை." நான் மனதில் வைத்தது படுக்கையறை பால்கனிக் கதவை. அதன் இடுக்கு வழியாகத்தான் காற்று வந்தது. அவரிடமே நேராகப் பேசியிருந்தால், "இந்தக் கதவுக்கு டேப் ஒட்டுங்க" என்று ஒரே வரியில் முடிந்திருக்கும்.

அவர் அரசாங்க ஊழியர். மேலிடத்து உத்தரவை வரிக்கு வரி நிறைவேற்றுகிறவர். செவ்வாய்க்கிழமை முழுக்கப் பழுப்பு டேப்பும் கத்தரிக்கோலுமாக அலைந்தார். பால்கனிக் கதவு, ஜன்னல் இடுக்கு, அடுப்படி எக்ஸாஸ்ட் ஓட்டை, ஒன்றையும் விடவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

புதன்கிழமை காலையில் கூடத்துப் பக்கம் இருக்கும் குளியலறைக்கு முகம் கழுவப் போனேன். மேலே இருந்த சின்ன ஜன்னலில் கிறிஸ்துமஸ் கேக் பெட்டியின் அட்டையை வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டியிருந்தது.

அந்தக் குளியலறையில்தான் கேஸ் கீஸர் இருக்கிறது. போன வருஷம் அதை மாட்டிய அன்று, அந்த ஜன்னலின் கண்ணாடியை நானே கழற்றி வீசினேன். "இது எப்பவும் திறந்தே கிடக்கணும்" என்று சட்டம் போட்டதும் நான்தான். ஏனென்றால் எனக்குத் தெரியும். டெல்லியில் ஒவ்வொரு குளிர்காலமும் எங்கள் அவசரப் பிரிவுக்கு அப்படி வருவார்கள். அடைத்த குளியலறையில் கேஸ் எரிந்தால் கிளம்புகிற விஷவாயுவுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. குளிக்கப் போனவர் தூங்குவதுபோல் விழுந்து கிடப்பார். எத்தனை பேர் முகத்தை வெள்ளைத் துணியால் மூடியிருக்கிறேன்!

வெளியே வந்தேன். அவர் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு எனக்கு முதுகு காட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்த முதுகைப் பார்த்ததும் எனக்கு வீம்பு வந்துவிட்டது. மூன்று நாளாகப் பேசாதவள் நான் ஏன் முதலில் பேசவேண்டும்? குளிர் காலத்தில் அவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் குளிப்பார். நேற்றுதான் குளித்தார். இன்று குளிக்கமாட்டார். சாயந்திரம் ஜெபத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

இப்படி நினைத்தவள் நான். நர்ஸ். நானே போய் அந்த அட்டையைக் கிழித்துப் போட்டிருக்கலாம் அல்லவா? அதையும் செய்யவில்லை. ஒட்டிய கையே வந்து பிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பத்து மணிக்குச் சூரியன் வந்தது. பத்தாவது நாள் சூரியன். வெயிலைக் கண்டால் அவர் நாள் கணக்குப் பார்க்காமல் குளிப்பார் என்பதை மறந்தே போனேன். அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஹெலனுக்கு என்ன ஊறுகாய் அனுப்புவது என்று ஏதோ யோசனையில் இருந்தேன். வாளி நிரம்பி வழிகிற சத்தமும் கேட்டது. அவர் ஐந்து செம்பில் குளித்து முடிக்கிற ஆள். குழாய் சொட்டினாலே சண்டைக்கு வருவார். "தண்ணீரை வீணாக்குகிறவர்களைப் பாரும், ஆண்டவரே" என்று சாயந்திரத்துக்கு ஒரு வரி தயார் பண்ணினேன்.

தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

அப்போதுதான் அட்டை ஞாபகம் வந்தது. கத்தி எங்கே விழுந்தது என்று தெரியாது.

"ஏங்க!" என்று கதவைத் தட்டினேன். மூன்று நாளில் நான் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை அது. "ஏங்க! ஹெலன் அப்பா!" உள்ளே தண்ணீரும் கீஸர் எரிகிற உஸ்ஸும்தான். கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. கேஸ் சிலிண்டர் நல்லவேளை வெளியே வராந்தாவில். அதை முதலில் மூடினேன். பிறகு பிளாஸ்டிக் கதவின் அடிப்பக்கத்தை மிதித்தேன். முட்டி வலி எங்கே போயிற்றோ.

என் கத்தல் கேட்டு மேல்மாடி பட்டாபி ஓடி வந்தார். ஏர்போர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒல்லி மனுஷர்.

"என்னாச்சு, சிஸ்டர்? ஜல்தி சொல்லுங்கோ!"

"உடைங்க!"

அவர் தோளால் ஒரு இடி இடித்தார், நான் ஒரு மிதி மிதித்தேன். தாழ்ப்பாள் பிய்ந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போனேன். என் வீட்டுக்காரர் வாளிக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தார், இடுப்பில் துண்டோடு, கையில் செம்போடு. இரண்டு பேருமாக இழுத்துப் பால்கனிப் பக்கம் கொண்டு வந்தோம். காற்று வேண்டும். கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. மேலிருந்து கீழ் வரை மூன்று வரிசை டேப். நான் கேட்டுக்கொண்டபடி, கொஞ்சம்கூட இடைவெளி இல்லாமல், கண்ணும் கருத்துமாக ஒட்டியிருந்தார். நகத்தால் பிய்த்தேன், பல்லால் கடித்தேன். அழுதுகொண்டே பிய்த்தேன்.

கதவு திறந்தது. குளிர் மொத்தமாக உள்ளே வந்தது. நாடி இருந்தது, மெலிதாக. மூச்சும் இருந்தது. கம்பளியைச் சுற்றினோம். பட்டாபி தன் காரில் சிகப்பு விளக்கு எதையும் மதிக்காமல் ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் மாஸ்க்கை மாட்டினார்கள். என் மகள் வயசிருக்கும் ஒரு டாக்டர் பெண் வந்தாள். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் பிழைத்திருக்கமாட்டார் என்றாள். உயிருக்கு இனி பயமில்லை, ஆனால் மூளைக்கு எவ்வளவு பாதிப்பு என்பது கண் விழித்த பிறகுதான் தெரியும், சிலருக்கு ஞாபகம் போய்விடும், ஆளை அடையாளம் தெரியாது என்றாள். இதே வார்த்தைகளை நான் எத்தனை மனைவிகளிடம் சொல்லியிருக்கிறேன். கேட்கிற இடத்தில் இருக்கும்போதுதான் அது என்ன என்று தெரிகிறது.

"ரோஷன்தான் கிஸ்னே பந்த் கியா, ஆன்ட்டி?" அந்தச் சின்ன ஜன்னலை யார் அடைத்தது என்று கேட்டாள்.

"பதா நஹி" என்றேன். தெரியாது.

அவள் எழுதிக்கொண்டு போனாள். பட்டாபி எனக்கு டீ வாங்கி வந்து வைத்துவிட்டு, ஹெலனுக்கு போன் பண்ணப் போனார். மத்தியானம் போயிற்று. அவர் கண்ணைத் திறக்கவில்லை. மாஸ்க்குக்குள் மூச்சு வந்து வந்து போவதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காது மந்தம் என்று சொன்னேனே. அதுதானா அவரிடம் என் கடைசிப் பேச்சு?

ஏழு மணி ஆயிற்று. ஜெப நேரம். கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்ததால் அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடினேன். வழக்கம்போல வாய்விட்டுத்தான் ஜெபம் பண்ணினேன். எனக்கு மனதுக்குள் ஜெபிக்கத் தெரியாது.

"பிதாவே, இன்றைக்கு நான் யாரைப் பற்றியும் புகார் சொல்ல வரவில்லை. அந்த அட்டையைக் காலையிலேயே பார்த்தேன். பார்த்துவிட்டுச் சாயந்திரம் சொல்லலாம் என்று வீம்புக்கு இருந்தேன். நான் ஒரு நர்ஸ், ஆண்டவரே. டாக்டர் கேட்டதற்கும் பொய் சொன்னேன். அவரை என்னிடம் திருப்பித் தாரும். பழைய மாதிரியே தாரும். கட்டில் முழுக்க ஈரத்துண்டு போடட்டும். சபையில் என் மானத்தை வாங்கட்டும். அவர் காதைப் பற்றி நான் சொன்னதை..."

அதற்கு மேல் என்ன சொன்னேன் என்று தெரியாது. காலையிலிருந்து பச்சைத்தண்ணிகூடக் குடிக்காத உடம்பு. பட்டாபி வைத்த டீயும் ஆறிப்போய் அப்படியே இருந்தது. தலை கட்டில் விளிம்பில் சாய்ந்துவிட்டது.

யாரோ கால் விரலால் என் கன்னத்தைத் தட்டியதும் விழித்தேன்.

மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

நர்ஸ் புத்தி எங்கே போகும்? "என் பேர் என்ன? சொல்லுங்க" என்றேன்.

"இன்பராணி. சீனியர் சிஸ்டர்." குரல் கரகரத்தது. "குறட்டைக்காரி."

"ஏங்க..."

"கொஞ்சம் முன்னால முழிப்பு வந்துச்சு. கண்ணைத் தொறக்க முடியல. எங்கன இருக்கோம்னும் தெரியல. பரலோகத்துக்குத்தான் வந்துட்டமோன்னு ஒரு பயம். அப்பதான் உன் குறட்டை கேட்டுச்சு. பரலோகத்துல இந்தச் சத்தத்தை விடமாட்டாகளே, அப்ப உயிரோடதான் இருக்கோம்னு தெரிஞ்சுக்கிட்டேன்."

நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்துக் கட்டில் சர்தார்ஜி எழுந்து உட்கார்ந்து பார்த்தார்.

"பொய்ச் சாட்சி சொல்லிட்டேன் போலருக்கு" என்றார். "அது நிக்கவே இல்லையே."

"நிக்காது. சாகிற வரைக்கும் நிக்காது. கேட்டுக்கிட்டே கிடங்க."

அவர் கொஞ்சநேரம் மூச்சு வாங்கினார். பிறகு கண்ணாலேயே கிட்டே வரச் சொன்னார். குனிந்தேன்.

"காது மந்தம்னு சொன்னியே, ஏட்டி."

"அது ஏதோ கோவத்துல..."

"மந்தம் இல்ல. குறட்டைக்கு முன்னால நீ சொன்னதும் கேட்டுச்சு. எல்லாமும் கேட்டுச்சு."

என் கை அவர் பாதத்தைவிட்டுத் தானாக விலகியது. எல்லாமும் என்றால் அந்த அட்டையும்தான். பார்த்தும் சும்மா இருந்ததும்தான். அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. முப்பத்து நாலு வருஷத்தில் எத்தனையோ சண்டை. இது சண்டை இல்லை. இதற்கு அவர் என்ன சொன்னாலும் நான் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

"டாக்டர் பிள்ளைட்ட நாளைக்கு உள்ளதைச் சொல்லிரு" என்றார். "அட்டையை ஒட்டுன கிறுக்கன் நான்தான்னும் சேத்துச் சொல்லு. கீஸரை வெளியே மாட்டிருவோம்." மறுபடியும் மூச்சு வாங்கினார். "அதுக்கு முன்னால, ஜெபத்தைப் பாதியில விட்டுட்டுத் தூங்கிட்ட. முடி."

அவர் பாதத்தை மறுபடியும் பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடினேன்.

"...அவர் காதைப் பற்றி நான் சொன்னதையும் மன்னியும், ஆண்டவரே. இனிமேல் உம்மிடம் சொல்வதற்கு முன்னால் அவரிடம் சொல்கிற மனதைத் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே."

அத்தோடு நிறுத்திக்கொண்டேன். மூன்று நாளாக நானே சொல்லிக்கொண்ட அந்த ஒரு வார்த்தையை இன்று சொல்லவில்லை. காத்திருந்தேன்.

"ஆமென்" என்றார் அவர், மாஸ்க்குக்குள்ளிருந்து, அந்த வார்டு முழுக்கக் கேட்கும்படி.