முகம் காட்ட வேண்டியவர்

அன்று முன்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: லூர்துநாதன் ஆகிய நான், என் மகன் அருள்பிரகாஷ், அவன் மனைவி சகாயசெல்வி, அவளிடம் தையல் வேலை பார்க்கும் ஆதிலட்சுமி. சுவரில் என் தகப்பனார் தேவதாஸ் பிரெஞ்சுப் பட்டாள உடுப்பில், மார்பில் இரண்டு பதக்கங்களோடு படமாக இருந்தார். அவரை நான் சேர்க்கவில்லை. நகராட்சியில், எங்கள் ஊர் வழக்கில் மேரியில், பிறப்பு இறப்புப் பதிவேடு முப்பத்தொரு வருடம் எழுதியவன் நான். நேரில் வந்து நின்றவர்களை மட்டும் எழுதித்தான் பழக்கம்.

ஜனவரி பன்னிரண்டு, திங்கட்கிழமை, மாலை நான்கு மணி. சகாயசெல்வி போனை என் முன்னால் நீட்டினாள்.

"விளம்பரக் கணக்க கட்டிப் போட்டுட்டாங்க மாமா. கணக்கு யாரு பேர்ல இருக்குதோ அவரு முகத்த காட்டணுமாம்."

"யார் பேர்ல இருக்குது?"

அவள் சுவரைப் பார்த்தாள். ஆதிலட்சுமி தையல் மிஷினை நிறுத்திவிட்டாள்.

மூலக்குளத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. சகாயசெல்வி கல்யாண கவுன் தைக்கிறாள், வாடகைக்கும் கொடுக்கிறாள். தவளக்குப்பம், வில்லியனூர் என்று எங்கிருந்தோ பெண்கள் வருவதெல்லாம் போனில் பார்த்த விளம்பரத்தால்தான். கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்து விபூதி புதன் வரைக்கும் எங்கள் ஆட்களிடம் கல்யாணம் நெருக்கியடித்துக்கொண்டு நடக்கும். அப்புறம் தபசு காலம், நாற்பது நாள் கோயிலில் கல்யாணம் கிடையாது. இந்த வருடம் விபூதி புதன் பிப்ரவரி பதினெட்டு. அதற்குள் ஓடினால்தான் கடை. ஓடாவிட்டால் ஆதிலட்சுமியை நிறுத்திவிட்டு அறையைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று சகாயசெல்வி புருஷனிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் விளம்பரம் போட வேண்டும் என்று கேட்டபோது நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். வீட்டுப் பெண்ணின் பேரும் படமும் தெருவுக்கு வரக் கூடாது. குடும்பத்துக்கு ஒரு பேர் இருக்கிறது, அதைப் போடு என்றேன். தகப்பனார் பேரில் கணக்குத் திறந்தார்கள். அவர் படத்தை வைத்தார்கள். போன் பிறந்த தேதி கேட்டது. பொய்த் தேதி எழுதிக் கொடுக்க எனக்குக் கை வராது. 1919 என்று உள்ளதையே சொன்னேன்.

"நூத்தாறு வயசு ஆளு கவுன் விக்கறாருன்னா எவன்ப்பா நம்புவான்?" என்றான் அருள்பிரகாஷ்.

"உன் தாத்தாவ ஆளு கீளுன்னு பேசாத."

"நான் பேசலப்பா. கம்பெனிக்காரன் பேசறான்."

பீரோவிலிருந்து லிவ்ரேயை எடுத்தேன். குடும்பத்தில் பிறந்தவர், மணந்தவர், இறந்தவர் எல்லாரையும் பிரெஞ்சுக்காரர்கள் எழுதி முத்திரை குத்திக் கொடுத்த சின்னப் புத்தகம். தகப்பனாரின் பட்டாள பென்ஷன் அட்டையையும் எடுத்தேன். இதைவிடப் பெரிய அத்தாட்சி என்ன வேண்டும்? இரண்டையும் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். மருமகள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு சரி மாமா என்று அனுப்பினாள்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. செல்லாது. முகத்தை வீடியோவில் காட்ட வேண்டும்.

ஆதிலட்சுமிதான் அந்த யோசனையைச் சொன்னாள். "ஐயா, நீங்க அச்சு அசல் உங்க அப்பாதான். அந்த மீசைய மட்டும் முறுக்கி விட்டுக்குங்க."

எனக்குக் கோபம் வந்தது. வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். கண்ணாடிப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறை போட்ட வெள்ளைக் கவுன்கள் வரிசையாகத் தொங்கின. போன வருடம் இந்த நேரத்தில் பாதிக் கவுன் வாடகைக்குப் போய்க் கம்பி காலியாக இருந்தது. திரும்பி உள்ளே வந்து சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

போன் இடது பக்கம் திரும்பச் சொன்னது. திரும்பினேன். வலது பக்கம். மேலே பார்க்கச் சொன்னது. மேலே பார்த்தேன். மேரியில் எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்தவன் நான், எவனுக்கும் இப்படித் தலையாட்டியதில்லை. ஆதிலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கால் மணி நேரத்தில் முடிவு வந்துவிட்டது. முகம் பொருந்தவில்லை. கணக்கு நிரந்தரமாக முடக்கப்பட்டது, மறுபரிசீலனை இல்லை.

எனக்குக் கழுத்து வலித்தது.

அடுத்த ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து வெளியே வரும்போது என் சகலை கையைப் பிடித்துக்கொண்டார். "என்னா லூர்து, மருமவ ஏதோ கூடாத போட்டோ போட்டுச்சாமே? கம்பெனிக்காரனே மூடிட்டானாம்?"

பக்கத்தில் ஆறேழு பேர் நின்றார்கள். காரணத்தைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். செத்துப்போன தகப்பனை உயிரோடு காட்டப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அதுவும் இறப்புப் பதிவேடு எழுதியவன். "அப்படியெல்லாம் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன். வீடு வந்து சேர வெகு நேரமானது.

சகாயசெல்வி முன்னறையில் இருந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"மெரின் போன் பண்ணுனா மாமா. கோயில்ல கேட்டாங்களாமே." மெரின் அவள் தங்கை. "நீங்க என்னா சொன்னீங்க?"

"இல்லன்னு சொன்னேன்."

"வேற என்ன காரணம்னு சொன்னீங்களா?"

நான் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அழவில்லை. நாடாவைச் சுருட்டி மேசையில் வைத்தாள். அவள் எதிர்த்துப் பேசியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன்.

"உன் பேர்ல கணக்குத் தொற" என்றேன்.

"படம்?"

"உன் படம்தான். வேற யாரு படத்த வைப்ப?"

அருள்பிரகாஷ் அப்போதுதான் கதிர்காமத்தில் ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்திருந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை எடுத்தான். அவள் நாடாவை மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டு கவுன்களுக்கு முன்னால் நின்றாள். போன் சொன்னபடி முகத்தை இடமும் வலமும் திருப்பினாள். உடனே ஏற்றுக்கொண்டது.

புதுக் கணக்கு மெதுவாகத்தான் ஊர்கிறது. இதுவரை மூன்று பெண்கள் வந்தார்கள். ஆதிலட்சுமி இப்போது வாரத்தில் மூன்று நாள் வருகிறாள். ஈஸ்டர் வரை கடையை வைத்திருக்கலாம் என்கிறாள் சகாயசெல்வி. அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு கோயில் வாசலில் அதே இடத்தில் நின்று சகலையிடமும் மற்றவர்களிடமும் சொன்னேன். வராதவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

சகாயசெல்வி கூடாத படம் போட்டதால் கணக்கு மூடப்பட்டது என்று பேசுகிறார்கள். அது உண்மையல்ல. அதில் இருந்தவை பொம்மைக்கு மாட்டிய கவுன்களின் படங்கள். கணக்கு என் தகப்பனார் தேவதாஸ் பேரில் இருந்தது. அவர் 1988 ஆகஸ்ட் மூன்றாம் தேதி இறந்தார். அந்த இறப்பை மேரியில் அறிவித்துக் கையெழுத்துப் போட்டவன் நான். அவர் பேரைக் கணக்குக்குக் கொடுத்தவனும் நான்.