கேலனுக்கு எத்தனை கல்?

செஞ்சியில் நிலக்கடலை வாங்கி விற்கும் தனகோட்டி முதலாளியின் மல்லாட்டை மண்டியில் ஒரு பிக்கப் வண்டி இருந்தது. யுத்தம் முடிந்து ஏலத்துக்கு வந்த மிலிட்டரி வண்டி. பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கிறது என்று மதராஸில் கொடுத்து, பழைய எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் வைத்திருந்தார்கள். அதன் சத்தம் கோட்டையிருக்கும் கிருஷ்ணகிரி மலையில் மோதித் திரும்பி வரும். வேகம் காட்டும் முள்ளும் தூரம் காட்டும் எண்களும் எப்போதோ நின்றுபோயிருந்தன.

தோமினிக் அண்ணன் அதை ஓட்டினார். நான் மண்டியில் தராசு பிடிப்பவன், ஆரோக்கியநாதன். மூட்டை ஏற்றப் போகும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து போவேன். அவர் வண்டி கிளம்பியதிலிருந்து நிற்கும்வரை பேசுவார். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"உன்ன ஏத்துறதும் மூட்டைய ஏத்துறதும் ஒண்ணுதான் நாதா," என்பார். "மூட்டையாவது ஓட்டை வுழுந்தா கொட்டும்."

அறுபத்திநாலாம் வருஷக் கோடையில் முதலாளியின் அக்கா சுந்தராம்பாள் பனமலையிலிருந்து வந்தார். அவர் கிணற்றில் தண்ணீர் அடியாழத்துக்குப் போய்விட்டது. மாடு கட்டி இறைத்தால் மாட்டின் தாகத்துக்கே சரியாய்ப் போகிறது. ஆயில் எஞ்சின் வேண்டும். புதிதாக வாங்குவதாக இல்லை. மண்டி வாசலில் நின்ற வண்டியைக் கையால் காட்டினார்.

"டே கோட்டி, நல்ல எஞ்சினை ரோட்டுல சுத்தவுட்டு அழகு பாத்துனு கீறியே. அது என் கெணத்துல சுத்துனா நெல்லாவது வெளையும்."

முதலாளிக்கு வண்டிமேல் ஆசை. அக்காமேல் பயம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் தோமினிக் அண்ணனைக் கூப்பிட்டு, "கேலனுக்கு எத்தினி கல்லு குடுக்குது?" என்றார். எங்கள் பக்கம் மைலுக்குக் கல் என்றுதான் பேர். மைலுக்கு ஒரு கல் நட்டிருப்பதால் வந்த பேச்சு.

"இருவது மொதலாளி," என்றார் அண்ணன், கண் இமைக்காமல்.

"அளந்து பாத்துடலாம்," என்றார் சுந்தராம்பாள்.

பங்க்கில் லிட்டர் வந்துவிட்டிருந்தாலும் முதலாளி தன் கேலன் தகரத்தைத்தான் நம்புவார். டாங்கியைக் கழுத்துவரை நிரப்பிக்கொண்டு சீயமங்கலம் போய்த் திரும்பி, மறுபடி கழுத்துவரை நிரப்ப எத்தனை தகரம் பிடிக்கிறது என்று பார்ப்பதாக ஏற்பாடு. கல் எண்ணுவது என் வேலை. மனசில் எண்ணினால் நான் வேறு யோசனையில் போய்விடுவேன் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் இடது பையில் மல்லாட்டை. ஒரு கல் கடந்தால் ஒரு கொட்டை வலது பைக்கு மாறும்.

திரும்பி வந்து எண்ணியபோது கேலனுக்குப் பன்னிரண்டு வந்தது. அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. பிறகுதான் தெரிந்தது, பேச்சு வாக்கில் என் வலது பையில் கைவிட்டு நாலைந்தை உடைத்துத் தின்றிருக்கிறார். தன் மைலேஜைத் தானே தின்ற டிரைவர் எங்கள் தாலுகாவில் அவர் ஒருவர்தான். மறுநாள் அவர் கையைக் கண்ணால் காவல் காத்தபடி மறுபடி போனேன். பதினான்கு.

முதலாளி தீர்ப்புச் சொன்னார். "பதினெட்டாம் பெருக்கு வரைக்கும் டைம். பதினெட்டுக் கல்லு குடுத்தா வண்டி. இல்லாட்டி எஞ்சின் கெணத்துக்கு." ஏன் பதினெட்டு என்று யாரும் கேட்கவில்லை. தேதிதான் அவர் வாயில் இருந்தது.

சுந்தராம்பாளுக்கு அதற்குள் இரக்கம் வந்துவிட்டது. "எஞ்சினோட நீயும் வந்துடு தோமினிக்கு. கெணத்து மேட்டுல ஒரு குடிசை போட்டுத் தரேன். வெய்யில்ல அலைய வாணாம்."

அன்று மாலை மாதா கோயிலில் அண்ணன் வழக்கத்தைவிட நீளமாக முழங்காலில் இருந்தார். இருபது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர். இடம்விட்டு நகராத எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை அவரால் நினைக்க முடியவில்லை. எழுந்து வந்ததும் சொன்னார்: "குடிசையாம் நாதா. குடிசையை எந்த கியர்ல போட்டு ஓட்டுறது?"

மறுநாள் வேலை தொடங்கியது. முன்சக்கரத்தைத் தூக்கிவைத்துக் கையால் சுற்றிவிட்டார். ஒரு சுற்றுகூட முழுசாக வராமல் நின்றது. பிரேக் உள்ளே எந்நேரமும் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அதைத் தளர்த்தினார். காற்று வடிகட்டியைத் திறந்தால் எண்ணெய் அல்வாவாக இறுகியிருந்தது. நாஸில்களைத் திண்டிவனம் கொண்டுபோய்ச் சோதித்தார். புகைபோல் வரவேண்டிய டீசல் கன்றுக்குட்டி மூத்திரம் விடுவதுபோல் வந்தது. அதையும் சரிசெய்து, டயர்களுக்குக் காற்றடித்தார். இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம்.

பாரம் குறைய வேண்டும் என்று மேலே இருந்த இரும்புக் கம்பிகளைக் கழற்றினார். பின்கதவைக் கழற்றினார். அன்றைக்கே தேசூர் ரோட்டில் ஒரு மூட்டை இறங்கிக்கொண்டது. என் பக்கத்துக் கதவைக் கழற்றினார். நான் சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சாலை காலுக்கடியில் ஓடுவதைப் பார்த்தபடி போனேன். சரிவு வந்தால் எஞ்சினை அணைத்துவிடுவார். சரிவு முடிந்ததும் இறங்கித் தள்ளுவது என் பங்கு.

கடைசியில் ஹார்னுக்கு வந்தார். "ஒவ்வொரு தபா அடிக்கசொல்ல ஒரு சொட்டு டீசல் போவுது."

"ஹார்ன் பேட்டரியிலதானே அண்ணே..."

"பேட்டரிக்கு யாரு குடுக்குறா? எஞ்சின். எஞ்சினுக்கு யாரு குடுக்குறா? மொதலாளி. நீ கத்து."

அந்த மாதம் முழுக்க சீயமங்கலம் பக்கத்து ஊர்களில் ஆட்டைப் பார்த்தும் மாட்டைப் பார்த்தும் "ஓரம், ஓரம்" என்று கத்தினேன். ஒரு வருஷத்துக்கு வைத்திருந்த பேச்செல்லாம் ஆடுகளோடு செலவழிந்தது.

பெருக்குக்கு முதல் நாள் இரண்டாவது சோதனை. இந்தமுறை சீயமங்கலம் வேண்டாம், பனமலைக்குத் தன் வீட்டு வாசல்வரை வந்து திரும்பட்டும், தன் கண்ணால் பார்க்கவேண்டும் என்று சுந்தராம்பாள் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த ரோட்டில் நாங்கள் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. காலையில் என்னைச் சாப்பிட வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார். எண்ணுகிற மல்லாட்டை பையில் இருக்க, பசியோடு ஏறிக்கொண்டேன்.

செஞ்சியைத் தாண்டியதும் கவனித்தேன். கல்லெல்லாம் புதுசு. பழையதைப் பிடுங்கிவிட்டு, வெள்ளையடித்த கற்களை நட்டிருந்தார்கள். எண் இன்னும் எழுதவில்லை. ஒன்றும் சொல்லாமல் சாலையோரம் நிற்கும் அந்த வெள்ளைக் கற்கள் எனக்குப் பிடித்திருந்தன. ஒவ்வொன்றையும் பார்த்து ஒரு கொட்டையை மாற்றினேன்.

"கல்லு சீக்கிரம் சீக்கிரமா வர்ற மாதிரி இல்ல?" என்றார் அண்ணன்.

நான் இன்னொரு கொட்டையை மாற்றினேன்.

"வண்டி அப்புடி ஓடுது நாதா! பிரேக்க வுட்டதும் றெக்கை கட்டிக்கிச்சு." ஸ்டியரிங்கைக் குதிரையின் கழுத்தைத் தட்டுவதுபோல் தட்டினார். வலது பை கனத்துக்கொண்டே போனது. என்னவோ சரியில்லை என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. அவ்வளவு சந்தோஷமாக இருப்பவரிடம் அதை எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் பனமலை ஏரி வந்துவிட்டது.

மண்டிக்குத் திரும்பி எண்ணினோம். நாற்பத்தெட்டுக் கொட்டைகள். டாங்கி கழுத்துவரை நிரம்ப இரண்டு தகரம் பிடித்தது. முதலாளி இரண்டு முறை எண்ணினார். கேலனுக்கு இருபத்திநாலு.

"பனமலை அவ்ளோ தூரமா இருக்குது?" என்றார்.

"ஏரி வளைவுல சுத்திப் போறமே மொதலாளி."

முதலாளி அன்றே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் டீக்கடையில் சொன்னார். தாலுகா ஆபீசில் சொன்னார். எண்ணெய்ச் செக்குக்காரர், எதிர் மண்டி, முடிவெட்டுகிறவர், ஒருவரையும் விடவில்லை. திண்டிவனத்திலிருந்து லாரி டிரைவர்கள் தோமினிக் அண்ணனைத் தேடி வந்து ரகசியம் கேட்டார்கள். அவர் சொல்லியும் கொடுத்தார். ஒரு வாரம் எங்கள் பஸ் ஸ்டாண்டைக் கடந்த இரண்டு லாரிகள் ஹார்ன் அடிக்கவில்லை. டிரைவர்கள் தலையை வெளியே நீட்டிக் கத்திக்கொண்டு போனார்கள்.

பத்தாம் நாள் சுந்தராம்பாள் வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கிய வேகத்திலேயே மண்டிக்குள் நுழைந்தார். உட்காரவில்லை.

"டே கோட்டி. எங்க வூட்லேந்து அனந்தபுரம் சந்தைக்கு எத்தினி கல்லு?"

"அஞ்சு. ஏங்க்கா?"

"நான் வாக்கப்பட்ட நாள்லேந்து தலையில கூடைய வெச்சினு நடக்குறேன். அஞ்சு கல்லுதான். நேத்து நடந்தேன், எட்டு கல்லு இருக்குது. என் காலுக்குத் தெரியாம ரோடு நீண்டுச்சா?"

முதலாளி ஒன்றும் புரியாமல் பார்த்தார்.

"கல்லுல நெம்பர் எழுதுறவன் எங்க வாசல்ல ஒக்காந்து எழுதினு இருந்தான். கேட்டேன். அது கல்லே இல்லியாம். கிலோமீட்டராம். அதுல எட்டு சேந்தாத்தான் நம்ம கல்லு அஞ்சாம்."

மண்டியில் மூட்டை தைக்கிற ஊசிகூட நின்றது. முதலாளி மேலே பார்த்தபடி விரல்களை மடக்கினார். நாற்பத்தெட்டு முப்பதாயிற்று. இருபத்திநாலு பதினைந்தாயிற்று. அத்தனை பாடுபட்டும் வண்டி முன்னேறியது ஒரே ஒரு கல். அவர் முகத்தில் டீக்கடை, தாலுகா ஆபீஸ், எதிர் மண்டி எல்லாம் ஒவ்வொன்றாய் வந்து போயின.

தோமினிக் அண்ணன் வெளியே வண்டியின் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். யாரோ அதை அப்போதே இழுத்துப்போகிறாற்போல. பிறகு உள்ளே வந்தார்.

"கெவர்மெண்டு கல்ல மாத்துனா நான் இன்னா மொதலாளி பண்ணுவேன்? நீங்க பதினெட்டுக் கல்லு கேட்டீங்க. மைலுன்னு கேட்டீங்களா? நான் இருவத்திநாலு கல்லு குடுத்துக்கிறேன்."

முழுகுகிறவர் கயிற்றைப் பிடித்தாற்போல் முதலாளி அதைப் பிடித்துக்கொண்டார். "ஆமாங்க்கா! நான் கல்லுன்னுதானே சொன்னேன்? டே நாதா, நீ இருந்தியே. நான் கல்லுன்னு சொன்னனா, மைலுன்னு சொன்னனா?"

மூவரும் என்னைப் பார்த்தார்கள். நான் தராசுத் தட்டைப் பார்த்தேன். எடை போடும்போது முள் நிற்பதற்கு நேரம் எடுக்கும். அதுவரை பொறுக்கத்தான் வேண்டும். அண்ணன் மூச்சு விடுவது கேட்டது. கிணற்று மேட்டில் ஒரு குடிசையும் அதன் வாசலில் அவரும் எனக்குத் தெரிந்தார்கள்.

"கல்லுன்னுதான் சொன்னீங்க," என்றேன்.

"ஆட்டாண்டையே பேசுனவன், மனுசங்களாண்ட பேசமாட்டானா!" என்று அண்ணன் என் முதுகில் அறைந்தார்.

சுந்தராம்பாள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். வந்தது சிரிப்பு.

"செரி. நீ சொன்னது கல்லுதான். செயிச்சுட்ட. நான் இன்னா கேட்டேன்? எஞ்சின் என் கெணத்துல சுத்தணும்னு கேட்டேன். வண்டிலேந்து கழட்டுன்னு கேட்டனா? நாதா, நீயே சொல்லு."

இந்தமுறை யோசிக்க நேரம் தேவைப்படவில்லை. "கேக்கலீங்க."

"அப்ப புதன், சனி ரெண்டு நாளு வண்டியோட வரட்டும்."

முதலாளி தோமினிக் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் வண்டியைப் பார்த்தார்.

சனிக்கிழமை பனமலைக்குப் போனோம். வண்டியைக் கிணற்றோரம் நிறுத்தி, மூன்று சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பின்சக்கரம் ஒன்றைத் தூக்கி, டயரைக் கழற்றினோம். உள்ளே இருந்த ட்ரம்முக்கும் சுந்தராம்பாள் எங்கோ இரவல் வாங்கி வைத்திருந்த பம்புக்கும் பெல்ட் மாட்டினோம். எஞ்சின் பிடித்ததும் குழாய் இருமியது, சேற்றைத் துப்பியது, பிறகு கை தடிமனுக்குத் தண்ணீர் கொட்டியது.

அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். இறங்கச் சொன்னால் கேட்கவில்லை. கண்ணாடிக்கு முன்னால் ஒரு வேப்பமரம். அது முற்பகல் முழுக்க அங்கேயே இருந்தது. எனக்கு எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உச்சிவேளையில் சுந்தராம்பாள் வரப்பில் நின்று மண்வெட்டியை ஊன்றினார். "தோமினிக்கு, ஒரு கேலனுக்கு எத்தினி பாத்தி பாஞ்சிது தெரியுமா? பதினேழு. பக்கத்துக் காட்டு எஞ்சின் இருவது பாயுதாம்."

அண்ணன் தலையை வெளியே நீட்டினார். "அவன் பாத்தி சின்னதா இருக்கும் பெரியம்மா."

"அளந்துட்டேன். ஒரே அளவுதான்."

அண்ணன் எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு சீட்டுக்கடியிலிருந்து ஸ்பானரை எடுத்துக்கொண்டு, காலையிலிருந்து முதல் தடவையாகக் கீழே இறங்கினார்.

"பெல்ட்டு வழுக்குது நாதா. இத கொஞ்சம் இழுத்துப் புடி."