திருப்பி அனுப்பிய தக்காளி

தக்காளி விவசாயிகள் சங்கத்துக்கு அவள் தலைவியாகி ஒரு வருஷம் கூட ஆகவில்லை. அமைச்சரோடு ஒரே மேஜையில் உட்காரப் போகிறோம் என்பதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். இருக்கிறதில் நல்ல உடுப்பை எடுத்துத் தேய்த்து உடுத்திக்கொண்டு, சாஸ் தொழிற்சாலையின் கூட்ட அறைக்குக் கிளம்பினாள். வட்டாரத்துப் பெரிய மனிதர்கள் எல்லாரும் சேர்ந்து உணவுத் தொழிலை முன்னேற்றப் போகிறார்களாம். அழைப்பிதழில் அவள் பெயரும் இருந்தது, கடைசியில்.

தொழிற்சாலை வாசலில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. மகசூல் அமோகமாக வந்த வருஷம். வாசல்காரர்கள் நாலைந்து நாளாகத் தரம் போதாது, தரம் போதாது என்று திருப்பிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் பழம் வெந்து, லாரிக்கு அடியில் சாறு ஒழுகி, தார் ரோட்டில் சிவப்பாகக் குட்டை கட்டியிருந்தது. அதன்மேல் ஈ, கம்பளி விரித்த மாதிரி.

சங்கச் செயலாளர் லாரி நிழலில் நின்றிருந்தார். ஆள் ஒல்லி, ஊரே ஊசி என்றுதான் கூப்பிடும்.

"தலைவரம்மா, உள்ள போனதும் முதல் வேலையா கேட்டைத் திறக்கச் சொல்லுங்க. இன்னைக்குக் காலையில வந்த லோடையும் திருப்பிட்டாங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா டீசல் செலவு வேறன்னு, பின்பக்க முற்றத்துலயே கொட்டிட்டுப் போகச் சொன்னாங்க. நாங்களே அப்புறப்படுத்திக்கிறோம்னு சொல்றாங்க."

"சும்மாவா கொட்டினீங்க?"

"சும்மாதான். குப்பைக்கு எவன் காசு தருவான்?"

கூட்ட அறையில் ஏசி குளிர்ந்தது. வெளியே இருந்து நாற்றம் வராமலிருக்க யாரோ வாசனைத் திரவியத்தை மூலைக்கு மூலை அடித்திருந்தார்கள். அழுகலும் மல்லிகையும் கலந்து மூக்கில் ஏறியது. அமைச்சர் வர நேரமாகும் என்று சொல்லி, வறுத்த உருளைக்கிழங்கையும் கிண்ணம் நிறைய சாஸையும் கொண்டுவந்து வைத்தார்கள். காலையில் அவசரத்தில் எதுவும் சாப்பிடாமல் வந்தவள் அவள். தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டாள். நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கினாள். எதிரே உட்கார்ந்திருந்த உணவுப் பாதுகாப்பு அதிகாரி அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். அவர் உருளைக்கிழங்கை வெறுமனே தின்றுகொண்டிருந்தார்.

அமைச்சர் வந்தார். தொழிற்சாலை முதலாளி அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்து உட்காரவைத்தார். பேச்சுகள் ஆரம்பமாயின. விவசாயி முதுகெலும்பு என்றார் அமைச்சர். விவசாயி தெய்வம் என்றார் முதலாளி. வாசலில் நிற்கும் லாரிகளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. தன் முறை வரட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

இடைவேளையில் கழிவறை தேடிப் போனாள். முன்பக்கம் இருப்பது அமைச்சருக்காக ஒதுக்கியதாம். பின்னால் தொழிலாளர்களுடையது இருக்கிறது, அங்கே போங்கள் என்றார்கள். போகிற வழியில்தான் அந்த முற்றம்.

முந்தின நாட்களில் கொட்டியதும் காலையில் கொட்டியதுமாகப் பழம் அங்கே மலையாகக் குவிந்து கிடந்தது. குவியலின் அடிப்பகுதி கூழாகி நுரைத்துக்கொண்டிருந்தது. வெள்ளைப் பூசணம் பஞ்சு பஞ்சாகப் படர்ந்திருக்க, அதற்குள் புழுக்கள் நெளிந்தன. இரண்டு பேர் முழங்கால் வரைக்கும் பூட்ஸ் போட்டுக்கொண்டு மண்வெட்டியால் அதை வாரி வாரித் தள்ளினார்கள். குப்பை வண்டியில் அல்ல. ஓடும் பட்டையில். பட்டை மேலே ஏறி, சுவரில் இருந்த ஓட்டை வழியாகக் சாஸ் காய்ச்சும் கூடத்துக்குள் போனது.

பட்டைக்குப் பக்கத்தில் வெள்ளைத் தொப்பியும் கையுறையுமாக நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தவன் அவளுடைய தம்பி. தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு மேலாளர். வாசலில் பழத்தைத் திருப்பச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறவனும் அவன்தான்.

"அக்கா, நீ எதுக்கு இங்க வந்தே?"

"இது வேண்டாம்னு நீ திருப்பின பழம்தானே?"

அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். "மெதுவாப் பேசு."

"பதில் சொல்லுடா."

"வேண்டாம்னு சொன்னாத்தானே சும்மா கிடைக்கும்? கொதிக்கிற கொதியில புழுவாவது பூச்சியாவது. அப்புறம் வடிகட்டறோம், சர்க்கரை போடறோம், சாயம் போடறோம். ருசியில உனக்கு ஏதாவது தெரிஞ்சுதா?"

அவளுக்குக் குமட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். சாப்பிட்டதெல்லாம் சிவப்பாக வெளியே வந்தது. தம்பி ஓடிப்போய் ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்தான். அவன் கையுறையில் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு அவள் அந்தக் குவளையைத் தொடவில்லை.

"உன் பிள்ளைங்களுக்கு இதைக் குடுப்பியா?"

"நம்ம வீட்டுக்கு நான் கொண்டு போறதில்ல அக்கா," என்றான். அதில் ஏதோ பொறுப்பு இருப்பது போல.

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு அறைக்குத் திரும்பியபோது ஒப்பந்தம் தயாராக இருந்தது. வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் மதியச் சாப்பாட்டோடு இந்த சாஸ்தான் இனிப் போகும். அமைச்சரும் முதலாளியும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். விவசாயிகள் சார்பில் அவள் போட வேண்டியதுதான் பாக்கி. கேமராக்காரர்கள் காத்திருந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் ஆளுக்கொரு சின்னக் கிண்ணத்தில் சாஸ்.

"ஐயா, சுவைச்சுப் பாருங்க," என்றார் முதலாளி.

அமைச்சர் கரண்டியை உதட்டருகே கொண்டு போனார். கேமரா மின்னியது. கரண்டி அப்படியே கீழே இறங்கியது, உதடு நனையவில்லை. அதிகாரியும் அப்படியே செய்தார். முதலாளியும். ஒத்திகை பார்த்தது போல மூன்று கரண்டிகளும் நிறைந்தபடியே கிண்ணத்துக்குத் திரும்பின. இவர்களுக்குத் தெரியாமல் இருந்தால் சொல்லிப் புரியவைக்கலாம் என்று நினைத்துக்கொண்டு வந்தவள் அவள். இப்போது அதற்கும் வழியில்லை.

ஆனாலும் அமைச்சர் பக்கம் குனிந்து சொன்னாள். "ஐயா, பின்னாடி புழுத்த பழத்தை அள்ளிப் போடறாங்க. என் கண்ணால பார்த்தேன்."

அமைச்சர் முகம் சுளித்தார். "என்னம்மா நீங்க, சாப்பிடற இடத்துல போய் இதையெல்லாம் பேசலாமா?"

முதலாளி சிரித்தார். "உங்க ஆளுங்க கொட்டினதுதானே மேடம். குப்பைக்குப் போறதை உணவாக்கறோம். வெளியூர்ல இதுக்கு விருதே குடுக்கறாங்க."

அதிகாரி கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார், துடைக்க ஒன்றும் இல்லாத வாயை.

அவள் பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து வெளியே வந்தாள்.

வாசலில் விவசாயிகள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். பார்த்ததை ஒன்று விடாமல் சொன்னாள். கொதித்துப் போவார்கள் என்று நினைத்தாள். கொதித்தார்கள்தான், அவள் மேலேயே.

"அழுகினதையும் அவன் எடுத்துக்கறான்னா, அதுக்கு ஒரு விலை பேசி வாங்கிக் குடுத்திருக்கணும்ல? அதை விட்டுட்டுக் கோவிச்சுக்கிட்டு வந்து நிக்கறீங்களே," என்றார் ஒருவர்.

"ஸ்கூல் பிள்ளைங்க சாப்பிடப் போறது. நம்ம பிள்ளைங்க."

"கொதிக்க வெச்சுத்தானே குடுக்கறான்?"

தம்பி சொன்ன அதே வார்த்தை. ஊசி எங்கே என்று தேடினாள். அவர் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, தலையைக் கையாலேயே வாரிக்கொண்டு கூட்ட அறைக்குள் போய்க்கொண்டிருந்தார். அவளுக்குப் பதிலாகக் கையெழுத்தும் போட்டார். மறுநாள் பத்திரிகைப் படத்தில் அமைச்சருக்குப் பக்கத்தில் கரண்டியோடு அவர்தான் நின்றார். அவர் மட்டும் நிஜமாகவே வாயில் வைத்திருந்தார், பாவம்.

அந்த வாரமே சங்கம் கூடி அவளைப் பதவியிலிருந்து இறக்கியது. அவள் சண்டை போடவில்லை. மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தபோது எழுந்து நின்று, முற்றத்தில் கண்டதைக் கண்டபடி சொன்னாள். தலைமை ஆசிரியர் நடுவில் தடுக்கப் பார்த்தார். அதிகாரி வந்து சோதித்துவிட்டுப் போயிருக்கிறார், சுத்தம் என்று சான்று கொடுத்திருக்கிறார் என்றார்.

பின்வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்தாள். "நான் அங்கதான் பாட்டில் மூடற வேலை பார்க்கறேன். இவங்க சொல்றது குறைச்சல்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் இருந்தவள் தன் பிள்ளையின் வாயைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தாள்.

அன்றைக்கே தாய்மார்கள் சேர்ந்து சாஸ் பெட்டிகளை வராந்தாவுக்கு இழுத்து வந்தார்கள். வந்த லாரியிலேயே திருப்பி ஏற்றினார்கள். அடுத்த தெருப் பள்ளிக்கூடமும் திருப்பியது. மற்றப் பள்ளிகள் வாங்கிக்கொண்டுதான் இருந்தன. அமைச்சர் அமைச்சராகவே இருந்தார். முதலாளி பாட்டிலின் மேல் ஒட்டும் படத்தை மட்டும் மாற்றினார். புதுப் படத்தில் பனித்துளியோடு ஒரு தக்காளி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி வந்தான். வாசலில் நின்றபடியே ஆரம்பித்தான்.

"உன்னால ஆபீஸ்ல தலை காட்ட முடியல. அவங்க உங்க அக்காதானேன்னு கேட்கறாங்க. என்ன சொல்றது?"

"ஆமான்னு சொல்லு."

"சாப்பாடாவது உண்டா, இல்ல இப்படியே போகணுமா?"

தட்டு எடுத்து வைத்தாள். எப்படியிருந்தாலும் கூடப் பிறந்தவன். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக வந்து உட்காரப் போனான்.

"கையைக் கழுவிட்டு வா," என்றாள்.

அவன் கழுவினான். அவள் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். சோப்பை எடுத்து நீட்டி, இன்னொரு தடவை கழுவச் சொன்னாள்.