பாலத்தின் மேல் முன்வரிசை

என் தம்பி ஆல்வினை வரைபடத்திலிருந்து அழிக்கும் சேதியோடு வந்த மனிதர் என் சமையலறையில் உட்கார்ந்து, பழக் கேக்கின் மேல் சீஸை வைத்து மூன்றாவது துண்டை விழுங்கிக்கொண்டிருந்தார். நெவில் பர்கிஸ் என்று பெயர். லெஸ்டரில் பல் பிடுங்கிப் பிழைத்து ஓய்வு பெற்றவர். வெதர்கில் என்ற குடும்பப் பெயர் உள்ளவர்கள் உலகத்தில் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று தேடிப் பிடிப்பதுதான் இப்போது அவருக்கு முழுநேர வேலை. அவருடைய அம்மா ஒரு வெதர்கில், அவ்வளவுதான் ஒட்டு. பர்கிஸ்களைத் தேடிக்கொண்டு போவதற்கு என்ன கேடு என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

வெதர்கில்களை உலகம் முழுக்கச் சேர்த்தாலும் ஒரு சின்ன சர்ச்சின் இருக்கைகளைக்கூட நிரப்ப மாட்டார்கள். பெயர் தொடங்கியது எங்கள் தோர்கார்த் ஊருக்கு மேலே இருக்கும் ஓடைப்பள்ளத்தில். பிரபுக்களும் போர்வீரர்களும் கிடைப்பார்கள் என்று ஆசையோடு வந்த வெதர்கில் குடும்பச் சங்கத்துக்காரர்களுக்கு, அந்தக் காலத்தில் காயடித்த கிடாக்களை அடைத்து வைத்த பள்ளம் என்றுதான் பெயருக்குப் பொருள் என்று தெரிந்ததும் முகம் தொங்கிப்போனது. பிறகு அதையே பெருமையாகச் சொல்லப் பழகிக்கொண்டார்கள். பள்ளத்திலிருந்து இறங்கியவர்கள் பர்ன்லி ஆலைகளுக்குப் போனார்கள், ஹல் துறைமுகத்துக்குப் போனார்கள், கனடாவுக்கும் டாஸ்மேனியாவுக்கும் கப்பல் ஏறினார்கள். நெவிலின் வரைபடத்தில் இவர்களெல்லாம் வெளிறிய புள்ளிகள். எங்கள் பள்ளத்தாக்கு மட்டும் அடர்ந்த சிவப்பு. அந்தச் சிவப்பு முழுவதும் ஒரே ஆள்தான், என் தம்பி.

நான் கணக்கில் இல்லை. என் பெயரை இருபத்திரண்டு வயதில் சர்ச் வாசலில் கழற்றி வைத்துவிட்டு மெட்காஃப் ஆனேன். கணவர் போனபின் பண்ணைக்குத் திரும்பி வந்து ஆல்வினுக்குச் சமைத்துப் போடுகிறேன். கல்யாணம் செய்துகொள்ளாதவன் அவன். ஆடுகளும் அந்தப் பெயரும்தான் அவனுக்குக் குடும்பம்.

ஒவ்வொரு ஜூலையிலும் முதல் சனிக்கிழமை சங்கத்தார் கூடுவார்கள். ஊர் மண்டபத்தில் தேநீர், அதன்பின் கல்பாலத்தின் மேல் ஒரு புகைப்படம். முன்வரிசை பெயரைச் சுமக்கும் ஆண்களுக்கு. நடுவில் ஆல்வின். மனைவிமார், மகள்கள், பர்கிஸ்கள் எல்லாம் பின்னால். நான் எப்போதும் பின்னால்தான், யாரோ ஒரு கனடாக்காரரின் தொப்பிக்குப் பின்னால்.

பத்து வருடங்களுக்கு முன் இந்த எச்சில் பரிசோதனை வந்தது. குழாயில் துப்பி அனுப்பினால், அப்பன் வழியாக ஆணிலிருந்து ஆணுக்கு வருகிற ரத்தத்தைப் படித்துச் சொல்லிவிடுவார்களாம். அதனால் என் எச்சில் வேண்டாம், நெவிலின் எச்சிலும் உதவாது. செலவு அதிகம் என்பதால் முதலில் இரண்டு பேருக்குத்தான் செய்தார்கள். ஒருவன் ஆல்வின். இன்னொருவர் ஹல்லிலிருந்து வரும் சிரில் வெதர்கில். மீன்பிடிக் கப்பலில் வேலை பார்த்து ஓய்ந்தவர். வரும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு பெட்டி புகைபோட்ட மீன் கொண்டு வருவார், கதவைத் திறக்கும் முன்பே வாசனை வந்துவிடும்.

இரண்டும் ஒத்துப்போகவில்லை. இரண்டில் ஒன்று வெளியாள் என்றால் எது? யாரும் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஆல்வின் மலையை விட்டு நகராதவன், அவன்தானே அளவுகோல். ஹல் கிளை வேறு ரத்தம் என்று நெவில் மண்டபத்தில் திரை போட்டுப் படம் காட்டி அறிவித்தார். சிரில் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றார். அப்போது என் தம்பி, எல்லோரும் கேட்கும்படி, சொன்னான்.

"டீ குடிங்க சிரில், கேக் சாப்பிடுங்க, ஒண்ணும் குறைச்சல் இல்லை. ஆனா வரிசையில மட்டும் நிக்காதீங்க."

மண்டபமே சிரித்தது. சிரிலும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. இரண்டு வருடம் கழித்து இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டோம். ஆல்வின் அதைக் கேட்டுவிட்டு, "பாவம், நல்ல மீன் கொண்டு வருவார்" என்றான்.

இப்போது நெவில் வாயைத் துடைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார்.

"எட்னா, டாஸ்மேனியா, ஒன்டாரியோ, பர்ன்லி, மூணு எச்சிலும் வந்துடுச்சு. மூணும் ஒண்ணுக்கொண்ணு அப்படியே ஒத்துப்போகுது."

"சந்தோஷம். அதுக்கு ஏன் முகத்தை இப்படி வச்சிருக்கீங்க?"

"சிரிலோடவும் ஒத்துப்போகுது."

அப்படியானால் சிரில்தான் அசல். கையிலிருந்த துணியை அடுப்பின் கம்பியில் போட்டேன்.

"அப்ப ஆல்வின்?"

"யாரோடயும் சேரலை. உங்க வம்சத்துல எங்கேயோ ஒரு இடத்துல அப்பா மாறியிருக்கார். முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி இருக்கலாம். உங்க தாத்தா காலத்துல இருக்கலாம். இல்லே…" அவர் சுவரிலிருந்த என் அம்மாவின் படத்தைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார். "தெரிஞ்சுக்க வழியில்லை. உங்க அப்பா வழியில வேற ஆம்பளை யாரும் இல்லையே."

"அவன்கிட்ட யார் சொல்றது?"

"சொல்லத்தான் வேணுமா? அவர் இல்லைன்னா பள்ளத்தாக்கே காலி, எட்னா. வரைபடத்துல வேர் இருந்த இடம் வெள்ளையாப் போயிடும். இந்த வருஷமும் அவர் நடுவுல நிக்கட்டுமே. சிரில் வீட்டுக்கு மட்டும் நான் எழுதிட்டேன், அவர் பொண்ணு பெவர்லி அவர் இடத்துல நிக்க வர்றா."

"சிரில்கிட்டயும் இப்படிக் காதோட காதாவா சொன்னீங்க? திரை கட்டித்தானே சொன்னீங்க?"

பல் மருத்துவர் இன்னொரு துண்டுக்குக் கையை நீட்டினார். நான் மீதிக் கேக்கை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

ஆல்வினிடம் நானே சொன்னேன். அந்தப் பெண் வந்து பாலத்தில் வைத்துச் சொல்வதற்கு முன், அவன் வீட்டில், அவன் நாற்காலியில் இருக்கும்போது கேட்டுக்கொள்ளட்டும் என்றுதான். அவன் பூட்ஸின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். கேட்டு முடித்ததும் திரும்பவும் கட்டினான்.

"அம்மாதான்" என்றான். அவ்வளவுதான் அவன் யோசித்தது.

"முந்நூறு வருஷம்னு சொல்றார்டா. எத்தனை பொண்டாட்டிங்க இருந்திருப்பாங்க! அத்தனை பேரையும் விட்டுட்டு உனக்கு அம்மாதான் கிடைச்சாளா?"

"அப்பா என்னைத் தூக்கினதா உனக்கு ஞாபகம் இருக்கா?"

"அவர் என்னையும்தான் தூக்கலை. நாயைத்தான் தூக்குவார்."

அவன் சிரிக்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவன் அம்மாவைக் கரித்துக் கொட்டினான். சர்ச்சுக்குப் பின்னால் அவள் கல்லறை இருக்கிறது. எந்த வேலையாகக் கீழே போனாலும் அங்கே நின்று புல்லைக் கிள்ளிவிட்டு வருபவன், ஆற்றோரமாகச் சுற்றிப் போக ஆரம்பித்தான். சுவரிலிருந்த அவள் படத்தைக் கழற்றிக் கோழித்தீவனம் வைக்கும் அறையில் போட்டான். நான் திரும்பக் கொண்டுவந்து மாட்டினேன். மறுபடி கழற்றினான். எழுபதை நெருங்கும் இரண்டு பேர் ஒரு படத்துக்காக இப்படி மல்லுக்கட்டினோம். பனி விழுந்த நாளில் முழங்கால் வரை நனைந்து இவனைப் பள்ளிக்கூடத்துக்குச் சுமந்து போனவள் அவள். ஒரு குழாய் எச்சில் வந்து அதையெல்லாம் இல்லையென்று ஆக்கிவிடுமா? எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவனுக்குச் சமைக்கவில்லை.

சனிக்கிழமை அவன் பாலத்துக்குப் போகவில்லை. கொட்டகையில் ஆடுகளுக்கு மயிர் கத்தரிக்க உட்கார்ந்துவிட்டான். கீழே மண்டபத்தில் கார்கள் நிறைவது மேலிருந்தே தெரிந்தது. நான் தேநீர் கொண்டுபோனபோது ஒரு பெண் எங்கள் களத்தில் காரை நிறுத்திவிட்டு இறங்கினாள். ஐம்பது வயதிருக்கும், அகன்ற தோள், பஸ் ஓட்டுநரின் நீலச் சட்டை. சிரிலின் தாடை அப்படியே இருந்தது.

"நீங்கதான் ஆல்வினா?"

அவன் மெஷினை நிறுத்தினான். கால்களுக்கிடையே ஆடு பாதி மயிர் கத்தரித்த நிலையில் கிடந்தது.

"நீ சிரில் பொண்ணு."

"பெவர்லி."

"வரிசை கீழே பாலத்துல. போய் நில்லும்மா, உங்க வரிசைதான் அது." அவன் குரலைக் கேட்க எனக்கே பாவமாக இருந்தது. "உங்கப்பாகிட்ட நான் சொன்னது தப்பு. மன்னிச்சுக்கோ. இப்ப என் கதையும் அதுதான். எங்கம்மா செஞ்ச வேலைக்கு நான் இந்த வயசுல…"

"உங்கம்மாவா?" அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். "அந்தப் பல் டாக்டர் அப்படியா எழுதினார்?"

"எழுதணுமா? தெரியாதா?"

"எங்கப்பாவும் இதையேதான் சொன்னார். 'தெரியாதா'ன்னு." அவள் கொட்டகைக் கதவில் சாய்ந்துகொண்டாள். "அன்னைக்கு உங்க டீயைக் குடிச்சுட்டு வந்தவர் வீட்டுக்கு வரலை. நேரா முதியோர் இல்லத்துக்குப் போனார். அவங்கம்மா ஐடா அங்கதான் இருந்தாங்க, தொண்ணூறு தாண்டிடுச்சு. நான்தான் வண்டி ஓட்டினேன், அதனால எனக்குத் தெரியும். கோட்டைக்கூடக் கழட்டலை. கட்டில் பக்கத்துல நின்னு, 'நான் யாருக்குப் பொறந்தேன்'னு கேட்டார்."

ஆல்வின் ஆட்டின் கழுத்தைப் பிடித்தபடி குனிந்துகொண்டான்.

"என்ன சொன்னாங்க?" என்று நான்தான் கேட்டேன்.

"முதல்ல சிரிச்சாங்க. ஏதோ விளையாடறார்னு நினைச்சாங்க. அவர் திரும்பவும் கேட்டார். உங்க ஊர்ல படம் போட்டுக் காட்டினாங்க, பொய் சொல்லாதேன்னு கத்தினார். நர்ஸ் ஓடி வந்தா. அப்புறம் ஐடா சுவர் பக்கமாத் திரும்பிப் படுத்துட்டாங்க. அதுக்கப்புறம் அவர் போனாலே கண்ணை மூடிக்குவாங்க. எங்கிட்ட ஒரு தடவை கேட்டாங்க, 'உங்கப்பனுக்கு என்னை விட அந்த மலைக்காரன் பேச்சு பெரிசாப் போச்சா'ன்னு. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி போயிட்டாங்க. அப்பா சவப்பெட்டியைக்கூடத் தொடலை." அவள் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தாள். "இப்போ கடிதாசு வருது, நாங்கதான் அசலாம், வந்து வரிசையில நிக்கணுமாம். ஐடா எந்தத் தப்பும் செய்யலை. இதை யார்கிட்டப் போய்ச் சொல்றது? கேக்க வேண்டிய ரெண்டு பேரும் மண்ணுக்குள்ள இருக்காங்க. அதான் உங்ககிட்ட சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

ஆல்வின் மெஷினைக் கீழே வைத்தான்.

"நான் ஹல்லுக்கு வர்றேன்" என்றான். "அவங்க கல்லறையில நின்னு…"

"வேண்டாம். நீங்க அங்க வரவே கூடாது." அவள் அதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. "அவங்களை நிம்மதியா விடுங்க. உங்கம்மாவையும்தான்."

நான் நீட்டிய தேநீரை அவள் வாங்கவில்லை. கார் கீழே இறங்கியது, பாலத்தின் மேல் நின்றிருந்த கூட்டம் வழிவிட்டது, நெவில் கையை ஆட்டிக்கொண்டு சில அடி ஓடினார். அவள் நிறுத்தாமல் சாலையைப் பிடித்துப் போய்விட்டாள். அந்த வருடப் புகைப்படம் எங்களில் யாரும் இல்லாமல், ஹல்காரர்களும் இல்லாமல் எடுக்கப்பட்டது.

ஆல்வின் பாதியில் நின்ற ஆட்டை முடித்து அவிழ்த்துவிட்டான். மெஷினைத் துடைத்து வைத்தான். முகம் கழுவிக்கொண்டு சர்ச்சுக்குப் போனான், இந்தமுறை ஆற்றைச் சுற்றாமல். திரும்பி வரும்போது கையெல்லாம் பச்சைப் புல் கறை. அம்மாவின் படத்தை அவனே எடுத்துவந்து மாட்டினான், கோணலாக.

"அவ செஞ்சிருந்தாலும் சரி, செய்யலைன்னாலும் சரி, எட்னா" என்றான். "நான் இனிமே கேக்க மாட்டேன்."

சொன்ன சொல் தவறவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே அவன் எடுத்ததில்லை. நெவில் அனுப்பும் எதையும் பிரிக்காமல் அடுப்பில் போடுகிறான், ராத்திரி நன்றாகத் தூங்குகிறான். அவனைப் பார்க்க எனக்கு ஆறுதலாகத்தான் இருக்கிறது.

ஆனால் அம்மாவுக்காக அவனோடு அத்தனை சண்டை போட்ட நான், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லோரும் எழுந்து பாடும்போது பாட்டுப் புத்தகத்தைப் பார்ப்பதில்லை. முன் இருக்கைகளில் எங்கள் வயதுக் கிழவர்கள் நிற்கிறார்கள், எங்களோடு படித்தவர்கள், பக்கத்துப் பண்ணைக்காரர்களின் பிள்ளைகள். ஒவ்வொருவரின் பின்கழுத்தையும் காதையும் பார்த்துக்கொண்டே வருகிறேன், ஆல்வினின் காது யாரிடம் இருக்கிறது என்று.