பாதித் தலையும் ஈரத் துண்டும்

என் தங்கை ஒற்றைப் பெட்டியோடு வந்து இறங்கினாள். புருஷனைப் பிரிந்தாயிற்று என்று மட்டும் சொன்னாள். மேலே கேட்டால் கடித்துக் குதறுவாள் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் காலை டீயை ஊதிக்கொண்டே, "அக்கா, நம்ம சோலார் பேனல் இருக்கா?" என்றாள்.

"பரண்ல கெடக்கு."

"அது வேலை செஞ்சா இங்கயே இருந்து மறுபடி தொழிலப் பாக்கறேன். செய்யலேன்னா அந்த ஊருக்கே திரும்பிப் போயிடறேன், அங்க ஒரு கடையில கூப்பிடறாங்க. எல்லாத்தையும் மொதல்லேருந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பில்ல."

வருஷக்கணக்கில் நான் தொடாத சாமான் அது.

அவள் கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் இருவரும் ஒரு ஓட்டை வேனில் ஊர் ஊராய்ப் போய் முடிவெட்டினோம். கட்டடம் எழும்பும் இடம், லாரிகள் நிற்கும் மைதானம், எங்கே போனாலும் மடக்கு பேனலை விரித்துவிட்டால் எங்கள் மெஷின் ஓடும். பேனல் விஷயத்தில் தங்கை ராட்சசி. சூடேறும் முன்பே காலையில் துடைத்துவிடுவாள். கொதிக்கிற கண்ணாடியில் தண்ணீர் ஊற்றப்போன என் கையைத் தட்டிவிட்டிருக்கிறாள். பேனல் வெயிலில், பேட்டரிப் பெட்டி நிழலில். ஒயரைப் பிடித்து இழுத்தால் அன்றைக்கு எனக்கு அர்ச்சனைதான்.

இவ்வளவு சட்டம் பேசிய மகராசியே ஒருநாள், நல்ல வெயிலாயிற்றே என்று ஈரத் துண்டைப் பேனலின் ஓரத்தில் காயப்போட்டாள். ஓரத்தில் நிழல் விழுந்தாலே சார்ஜ் ஏறாமல் படுத்துவிடும் சாமான் அது. ஒரு காவலாளியின் பாதித் தலையில் மெஷின் நின்றது. மனிதர் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு கேட்டுக்குப் போய்ச் சல்யூட் அடித்தார். தங்கை சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் வேனுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்கு நான் ஏங்கிப்போயிருந்தேன். அவள் போனபின் இந்த வீட்டில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

பரணிலிருந்து பேனல் பையை இறக்கினேன். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஒரு துரும்பைக் கிள்ளிப் போடாத மனிதர். மொட்டைமாடிக்குக் காற்று வாங்கப் போவதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே உழைப்பு.

"பேட்டரி உப்பியிருந்தா எதையும் சொருகாதே, கதை முடிஞ்சுது" என்றாள் தங்கை. "சும்மா வெச்சிருந்தாலும் அப்பப்ப சார்ஜ் ஏத்தணும். இல்லேன்னா செத்துடும்."

"இத போறப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"சொல்லிட்டுதானே போனேன்."

என்னிடம் யாரும் சொல்லவில்லை. பையின் ஜிப்பைத் திறந்தேன்.

தூசியே இல்லை. கண்ணாடிப் பக்கம் உள்ளே வர, பேனல் பக்குவமாக மடிந்திருந்தது. பேட்டரி உப்பவில்லை. வெடித்துப்போன பழைய ஒயருக்குப் பதில் புது ஒயர். மடிப்புக்குள் மெத்தென்று என் வீட்டுக்காரரின் பனியன். காணோம் என்று போன மாதம் வீட்டையே நான் தலைகீழாகப் புரட்டிய பனியன்.

தங்கை பேட்டரியின் பொத்தானை அழுத்தினாள். விளக்குகள் வரிசையாக எரிந்தன.

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். பேப்பர் இன்னும் உயர்ந்து முகத்தை மறைத்தது.

"அவ சொல்லிட்டுப் போனா. மாடியில சும்மாதானே நிக்கறேன்னு வெயில்ல வெச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"அந்தப் பையப் பாத்தாலே நீ அழுவே."

இப்போதும் அழுதேன். தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேனலைத் தூக்கினாள். மாடிக்குப் போய், அடியில் காற்றுப் போக இடம் விட்டுச் சாய்த்து வைத்தாள். பேட்டரியைத் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்குத் தள்ளினாள். பிறகு நாற்காலியைப் போட்டு, "மாமா, வாங்க. மொத வாடிக்கை நீங்கதான்" என்றாள்.

"எங்கிட்ட எங்க இருக்கு முடி?"

"காதுக்கு மேல கொஞ்சம் மிச்சமிருக்கு."

மெஷின் ரீங்கரித்தது. நான் கீழே போய் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து எடுத்து வந்தேன். பேனலுக்குப் பக்கத்தில் நின்று, "ஏண்டி, நல்ல வெயில். இதுமேல காயப்போடட்டுமா?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். மெஷினை அணைத்தாள். சிரிப்பு தாங்காமல் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். என் வீட்டுக்காரர் பாதித் தலையோடு காத்திருந்தார்.